சத்து மாத்திரையின் பெயரில் இல்லாத பாதி: ஃபோலிக் அமிலத்தின் தமிழகத் தடங்களும் கருவுறுதலுக்கு முந்தைய நாள்களும்

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற பெண்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்த லூசி வில்சின் பணி பம்பாய், குன்னூர், சென்னை ஆகிய இடங்களில் நடந்தது. அதிலிருந்து தோன்றிய ஃபோலிக் அமிலம் இன்று இந்திய அரசின் தாய்சேய் நலத் திட்டத்தில் நிலைபெற்றுள்ளது. சோகைக்கு மருந்தாக அது நுழைந்த வரலாறே அதன் அளவையும் வழங்கும் காலத்தையும் இன்றுவரை தீர்மானிக்கிறது என்பதையும், அண்மையில் பரவிவரும் மரபணு மாறுபாடு பற்றிய கவலை இக்காலக் குறைபாட்டை மறைக்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஃபோலிக் அமிலம், லூசி வில்சு, எல்லாப்பிரகட சுப்பாராவ், நரம்புக்குழாய்க் குறைபாடு, எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணு, உத்திரமேரூர் வட்டாரம்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் கல்வெட்டுகளின் வழியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையும் (கி.பி. 919, 921), ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றின் உறுப்பினருக்கு வகுக்கப்பட்ட தகுதிகளும் பள்ளிப் பாடநூல்கள் வரை சென்றுவிட்டன. அருகிலுள்ள திருப்புலிவனம் வியாக்கிரபுரீசுவரர் கோயிலும் சோழர் காலக் கல்வெட்டுகளால் அறியப்படுவதே. கோயிலுக்கு அளிக்கப்பட்ட நிலமும் பொன்னும் கல்லில் ஏறின; கருவுற்ற பெண் என்ன உண்டாள், பேறுகாலத்தில் ஏன் வெளுத்துச் சோர்ந்தாள் என்பவை ஏறவில்லை. அவற்றுக்கான சான்றுகளை இருபதாம் நூற்றாண்டு மருத்துவ ஆய்விதழ்களிலும் கிராமச் சுகாதாரச் செவிலியரின் பதிவேடுகளிலுமே தேட வேண்டியுள்ளது.

திருப்புலிவனம் போன்ற ஊர்களில் கருவுற்ற பெண்ணுக்கு அரசு வழங்கும் மாத்திரையை மக்கள் 'சத்து மாத்திரை' என்றோ 'இரும்புச்சத்து மாத்திரை' என்றோ குறிப்பிடுவர். அம்மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் உண்டு. ஆயினும் வழக்கில் உள்ள பெயரில் அதற்கு இடமில்லை. இது வெறும் பெயரளவிலான விடுபாடு அன்று. இரும்பு தாயின் இரத்தத்திற்கு உரியது. பேறுகாலத்தில் எந்த மாதத்தில் கொடுத்தாலும் ஓரளவு பயன் தரும். ஃபோலிக் அமிலத்தின் மிக முக்கியமான பணியோ கரு உருவான முதல் நான்கு வாரங்களில் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரே மாத்திரையில், ஒரே காலத்தில் வழங்கும் வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

பம்பாய், குன்னூர், கோஷா ஆசுபத்திரி

இவ்வரலாறு இந்திய நெசவாலைத் தொழிலாளர் பெண்களிடமிருந்து தொடங்குகிறது. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, பின்னர் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் 1920இல் மருத்துவத் தகுதி பெற்ற லூசி வில்சு (1888–1964), 1928இல் இந்தியா வந்தார். இந்தியாவில் நெடுங்காலம் பெண்கள் மருத்துவப் பணியில் இருந்த மார்கரெட் பால்ஃபர், தாய்மார் இறப்பு பற்றிய விசாரணையில் பங்கேற்குமாறு அவரை அழைத்திருந்தார். இந்திய ஆய்வு நிதிக் கழகத்தின் ஆதரவில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தை மையமாகக் கொண்டு அப்பணி நடந்தது.

ஏழைப் பெண்கள் சிலர் கருவுற்ற காலத்தில் கடும் சோகைக்கு ஆளாகி இறந்தனர். அவர்களுடைய இரத்தச் சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெரியனவாய், முதிர்ச்சியடையாதனவாய் இருந்தன. அதனால் மேலை நாட்டு மருத்துவம் அறிந்திருந்த 'பெர்னிசியசு' சோகையை ஒத்த நோயாகவே அது முதலில் கருதப்பட்டது. வில்சு நோய்க்கிருமியைத் தேடினார். ஏற்ற சான்று கிட்டவில்லை. அதன்பின் மேத்தா, தால்பாடே ஆகிய உடனாய்வாளர்களுடன் பெண்களின் உணவையும் வாழிடத்தையும் கணக்கெடுத்தார். 1930இல் வெளியான இவ்வாய்வுகள் மருத்துவ வரலாற்றாளரைவிடச் சமூக வரலாற்றாளருக்கே மிகுதியாகப் பயன்படக்கூடியவை. எந்த வகுப்புப் பெண் எதை உண்டாள், எதை உண்ண இயலவில்லை என்பதை அவை வீடுதோறும் பதிந்துள்ளன. காய்கறி, பழம், புரதம் குறைந்த உணவை உண்டவரிடம் நோய் மிகுந்திருந்தது.

1929ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்சு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். உணவூட்ட ஆய்வின் இயக்குநராக இராபர்ட் மெக்காரிசன் அங்கிருந்தார். பம்பாய்ப் பெண்களின் உணவை ஒத்த உணவை எலிகளுக்கு அளித்தபோது சினையெலிகள் சோகையுற்றன, ஈனுமுன்பே இறந்தன. ஈஸ்ட் சேர்த்த உணவு அதனைத் தடுத்தது. எலிகளின் உடலில் இருந்த பேன்கள் பரப்பிய வேறொரு தொற்று முடிவுகளைக் குழப்பியதால், ஆய்வு பின்னர்க் குரங்குகளுக்கு மாற்றப்பட்டது. பின்னர்க் கையாளப்பட்ட பொருள் மலிவான ஒரு கடைச்சரக்கு: மதுவடிப்பில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து ஆக்கப்படும் மார்மைட். இலங்கைத் தமிழர் இல்லங்களில் இன்றும் உரொட்டியில் தடவி உண்ணப்படும் அதே கருநிறக் குழம்புதான்.

1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வில்சு சென்னையில் பணியாற்றினார். மேரி ஷார்லீபின் முயற்சியால் 1885இல் தொடங்கப்பட்ட, உயர்சாதிப் பெண்களுக்கும் கோஷா முறையைக் கடைப்பிடித்த பெண்களுக்கும் உரியதாய் இருந்த மருத்துவமனை அது. இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை என்று பெயர் பெற்ற பின்பும் திருவல்லிக்கேணி மக்கள் 'கோஷா ஆசுபத்திரி' என்றே அதனை வழங்குகின்றனர். அவ்வாண்டு சூன் மாதம் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான வில்சின் கட்டுரை, ஈஸ்டுச் சாறு இந்நோயைக் குணப்படுத்துவதை அறிவித்தது. பெர்னிசியசு சோகைக்குப் பயன்பட்ட தூய்மையாக்கப்பட்ட ஈரல் சாறு இப்பெண்களிடம் பயனளிக்கவில்லை. தூய்மையாக்காத ஈரல் சாறோ பயனளித்தது. எனவே இரண்டும் வெவ்வேறு குறைபாடுகள் என்று பின்னைய ஆய்வுகளில் அவர் நிறுவினார். அறியப்படாத அப்பொருள் 'வில்சு காரணி' எனப்பட்டது.

இக்கண்டுபிடிப்பில் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். வில்சு பார்த்தவர் எல்லாரும் கருவுற்று மாதங்கள் கடந்து, வெளுத்து, வீங்கி மருத்துவமனையை அடைந்தவர்கள். அவருடைய வினா தாயின் உயிரைப் பற்றியது. அன்றைய இறப்பு வீதத்தில் அதுவே முதல் வினாவாக இருந்திருக்கவும் முடியும். கருவின் முதல் வாரங்கள் அவருடைய பார்வைக்குள் வர வாய்ப்பே இல்லை.

திருவல்லிக்கேணியில் பயின்ற ஒருவர்

1941இல் டெக்சாசில் மிட்செல், சினெல், வில்லியம்சு ஆகிய மூவர் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் 'ஃபோலியம்' என்ற இலத்தீன் சொல்லின் அடியாக அதற்குப் பெயரிட்டனர். தமிழில் 'இலையமிலம்' என்று வழங்கியிருந்தால் கீரைக்கும் மாத்திரைக்கும் உள்ள உறவு பெயரிலேயே விளங்கியிருக்கும். ஒலிபெயர்ப்பே நிலைத்துவிட்டது.

அதனைச் செயற்கையாக ஆக்கியது 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கு ஆய்வுப் பணிகளை இயக்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948). பீமவரத்தில் பிறந்த அவர் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் உடுத்தியதால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டத்திற்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தகுதியே பெற்றார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் தவறாது இடம்பெறும் செய்தி. பின்னர் ஆசண்ட இலட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார். அவருடைய உடன்பிறந்தார் இருவர் 'ஸ்ப்ரூ' எனப்படும் கடும் கழிச்சல் நோயால் இறந்தனர். அவரும் அந்நோயால் துன்புற்று இலட்சுமிபதியின் மருத்துவத்தால் மீண்டார். குடல் சத்தை உறிஞ்ச இயலாத அந்நோயில் ஃபோலேட் குறைவு முதன்மையான கூறு என்பதும், ஃபோலிக் அமிலம் அதற்கு மருந்தாவது என்பதும் பின்னர்த் தெளிவாயின. தம் குடும்பத்தை அழித்த நோய்க்கு மருந்து ஆக்கியவர் என்று அவரைப் போற்றும் மரபு உண்டு. மிகையற்ற கூற்றுத்தான். எனினும் பலர் கூடி உழைத்த ஆய்வுக்கூடத்தின் விளைவு அது என்பதையும் உடன் சொல்வதே நேர்மை.

ஸ்ப்ரூ பற்றிய ஆய்வு தமிழ்நாட்டில் தொடர்ந்தது. 1960களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் கிராமங்களில் கொள்ளைநோயாகப் பரவிய ஸ்ப்ரூவையும், அதனோடு வந்த பெருஞ்சிவப்பணுச் சோகையையும் ஆராய்ந்தனர். ஃபோலேட்டும் பி12 உயிர்ச்சத்தும் ஒருசேரக் குறைவுற்ற மக்கள் தென்னிந்தியக் கிராமங்களில் இருந்தனர் என்பது அவ்வாய்வுகளால் உறுதிப்பட்டது.

இரத்தத்திலிருந்து கருவுக்கு

சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தின் எதிர்ப்பொருள்களையும் ஆக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின் 1948இல் சிட்னி ஃபார்பரால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அதே பொருள் கருக்கலைப்புக்கும் சோதிக்கப்பட்டது. கலையாது தங்கிய சில கருக்களில் கடும் ஊனங்கள் காணப்பட்டன. ஃபோலேட்டைத் தடுத்தால் கருவின் உறுப்பாக்கமே குலைகிறது என்னும் செய்தி இவ்வாறு வருந்தத்தக்க வழியில் வெளிப்பட்டது.

1965இல் எலிசபெத் ஹிப்பர்டும் ரிச்சர்டு சுமிதெல்சும் லான்செட் இதழில், நரம்பு மண்டலக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் ஃபோலேட் வளர்சிதை மாற்றக் கோளாறு மிகுந்திருப்பதைச் சுட்டினர். 1980இல் சுமிதெல்சு குழுவினர் கருவுறுமுன் உயிர்ச்சத்து அளித்த ஆய்வை வெளியிட்டனர். எவருக்குச் சத்து, எவருக்கு வெறும் மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரிக்க அறநெறிக் குழுக்கள் இசையாமையால் அவ்வாய்வின் முடிவு ஐயத்திற்குரியதாகவே நின்றது. ஐயத்தைத் தீர்த்தது பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் சோதனை. 7 நாடுகளில் 33 மையங்களில், முன்னரே இக்குறைபாடுள்ள கருவைச் சுமந்த 1817 பெண்கள் அதில் பங்கேற்றனர். முடிவு தெரிந்த 1195 பேறுகளில் 27 குறைபாடுகள் நேர்ந்தன. ஃபோலிக் அமிலம் பெற்றவரிடம் 6, பெறாதவரிடம் 21. 72 விழுக்காடு பாதுகாப்பு. 1991 ஏப்ரலில் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இந்தியாவிலும் 1988 முதல் இத்தகைய பன்மையச் சோதனை நடந்துகொண்டிருந்தது. இம்முடிவு வெளியானதும் அதுவும் நிறுத்தப்பட்டது. மறுமுறை குறைபாடு நேர்ந்த வீதம் சத்துப் பெற்றவரிடம் 2.92 விழுக்காடு, பெறாதவரிடம் 7.04 விழுக்காடு. எண்ணிக்கை சிறிது, ஆயினும் திசை ஒன்றே.

இச்சோதனைகளில் அளிக்கப்பட்ட அளவைவிட அளிக்கப்பட்ட காலமே நம் ஆய்வுக்கு முதன்மையானது. கரு உருவான 28ஆம் நாளுக்குள் நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ ஆறு வாரம். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம். தமிழ் வழக்கில் கருவுற்றிருத்தலை 'முழுகாமல் இருத்தல்' என்பர். விலக்கு முடிந்து தலை முழுகும் நாள் வராமையே அறிகுறி. ஒரு முறை முழுகாதிருந்து, ஐயம் கொண்டு, மாமியாரிடமோ தாயிடமோ சொல்லி, 'இருக்கட்டும், இன்னும் சில நாள் பார்ப்போம்' என்று காத்திருக்கும் அந்நாள்களிலேயே குழாய் மூடுகிறது, அல்லது மூடாது போகிறது. மூன்று மாதம் நிறையும்வரை வெளியில் சொல்லலாகாது என்ற தயக்கமும் பல குடும்பங்களில் உண்டு. நம் மொழி கருவை அறியும் காலம், ஃபோலிக் அமிலம் வேண்டப்படும் காலத்திற்குப் பிந்தியது.

மரபணு மாறுபாடு: புதிய கவலை

1995இல் மாண்ட்ரியலில் ரீமா ரோசனின் ஆய்வுக்கூடம் எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் நொதியின் மரபணுவில் பரவலான ஒரு மாறுபாட்டை இனங்கண்டது. 677ஆம் இடத்தில் சைட்டோசினுக்குப் பதில் தைமின் அமைவதால் இது 'சி677டி' எனப்படும். ஃபோலேட்டை மெத்தில் வடிவாக்கும் வேலை இந்நொதிக்கு உரியது. அவ்வடிவு பி12இன் துணையோடு ஹோமோசிஸ்டீனை மெத்தியோனினாக மாற்ற, அதிலிருந்து உடலின் மெத்திலேற்ற வினைகள் நடைபெறுகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறுபாட்டைப் பெற்றவரிடம் நொதியின் செயல்திறன் மூன்றில் ஒரு பங்களவாகக் குறைகிறது. அதே ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இம்மாறுபாட்டுக்கும் முதுகுத்தண்டுப் பிளவுக்கும் தொடர்பிருப்பதை லான்செட் இதழில் காட்டினர்.

அறிவியலாகத் தோன்றிய இச்செய்தி கடந்த இருபதாண்டுகளில் வணிகமாகவும் மாறியுள்ளது. குழந்தைப்பேறு தள்ளிப்போவதாலோ, கரு மீண்டும் மீண்டும் கலைவதாலோ நகரத்து மருத்துவமனைகளை நாடும் இணையரிடம் இச்சோதனை பரிந்துரைக்கப்படுவதுண்டு. மாறுபாடு இருப்பதாக அறிக்கை வந்தால் 'சாதாரண ஃபோலிக் அமிலம் உங்கள் உடலில் வேலை செய்யாது' என்று சொல்லி, விலை மிகுந்த மெத்தில் ஃபோலேட் மாத்திரை எழுதித் தரப்படுகிறது. 'மலடி' என்னும் வசைக்கு அஞ்சி, கோயில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு வந்த பெண்ணுக்கு, குறை தன் பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று அச்சிட்ட தாள் ஒன்று கிடைப்பதாகவே இது முடிகிறது. பழைய பழி புதிய மொழியில் திரும்புகிறது என்பது கட்டுரையாளரின் கருத்து.

சான்றுகள் இக்கவலையை ஆதரிக்கவில்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் விளக்கப்படி, எவ்வகை மாறுபாடு உடையவரும் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்திக்கொள்ள இயலும். ஒரே அளவு உட்கொண்டால், இரட்டை மாறுபாடு உடையவரின் இரத்த ஃபோலேட் மாறுபாடு அற்றவரைவிடச் சுமார் 16 விழுக்காடு மட்டுமே குறைவு. மெத்தில் ஃபோலேட் இரத்த அளவை உயர்த்துவது உண்மையே. ஆனால் நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுத்ததாகப் பெருஞ்சோதனைகளில் நிறுவப்பட்டது ஃபோலிக் அமிலம் ஒன்றே. மீண்டும் மீண்டும் கருக்கலைவோருக்கு இச்சோதனை வேண்டியதில்லை என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இல் அறிவுறுத்தியது. மேலும், சி677டி மாறுபாட்டின் வீதம் ஐரோப்பியரைவிடத் தமிழரிடையே குறைவு. இரட்டை மாறுபாடு உடையவர் அரியர். ஐரோப்பிய மக்கள்தொகையில் எழுந்த வினாவை நாம் அப்படியே எடுத்துக்கொண்டுள்ளோம்.

இங்கு ஹோமோசிஸ்டீன் மிகுவதற்கு வேறொரு காரணம் உண்டு. புனேயில் யாஜ்ஞிக் முதலானோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியரிடையே அது மிகுந்திருப்பதைப் பி12 குறைவோடு இணைத்தது. 2008இல் வெளியான புனே தாய்மார் ஆய்வில், பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுதியாகக் காணப்பட்டது. இறைச்சியும் பாலும் அரிதாகவே கிட்டும் உழவுக் குடும்பங்களில் மரபணுவுக்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி பி12 பற்றியதாகும். வேலூரின் ஸ்ப்ரூ ஆய்வுகள் காட்டிய இரட்டைக் குறைவை இங்கு நினைவுகூரலாம்.

ஐந்நூறு மைக்ரோகிராம்

இந்திய அரசின் தேசிய ஊட்டச்சத்துச் சோகைத் தடுப்புத் திட்டம் 1970இல் தொடங்கியது. கருவுற்ற பெண்ணுக்கான மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருந்தன. நரம்புக்குழாய் பற்றிய சான்று உறுதிப்பட இன்னும் இருபதாண்டுகள் இருந்தன. எனவே அது முழுமையாகச் சோகை மாத்திரை, வில்சின் வினாவுக்கு அரசு தந்த விடை. பேறுகாலத்தின் பிற்பகுதியில் தாயின் இரத்தம் குறையாமல் காப்பதே நோக்கம். அதற்கேற்பக் கருவுற்றவராகப் பதிவு செய்துகொண்ட பின்பே மாத்திரை கைக்கு வந்தது.

இரும்பின் அளவு இடையில் 100 மி.கி. ஆக உயர்ந்து, 2018இன் சோகையற்ற பாரதம் திட்டத்தில் மீண்டும் 60 ஆனது. ஃபோலிக் அமிலத்தின் 500 மட்டும் அசையவில்லை. 2012–13இல் வளரிளம் பருவத்தினருக்கு வார மாத்திரைத் திட்டம் வந்தபோதும் அதே 500 இடம்பெற்றது. நாள்தோறும் உண்பதற்கு வகுத்த அளவு வாரத்திற்கு ஒன்று என்றானது. பெண்களுக்கான வார மாத்திரையில் 2800 மைக்ரோகிராம் இருத்தல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் பரிந்துரைத்திருந்தது. கணக்கு எளிது: நாளொன்றுக்கு 400, ஏழு நாளுக்கு 2800. இந்திய வார மாத்திரை அதில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றே மிகுதி. சோகைக்கு அது போதுமானதாக இருக்கலாம். கருவின் முதல் நான்கு வாரங்களுக்கு அது திட்டமிடப்படவே இல்லை.

உணவு வழியாக இவ்விடைவெளி நிரம்புமா என்பதையும் பார்க்க வேண்டும். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றில் ஃபோலேட் உண்டு. ஆனால் அது நீரில் கரைவது, வெப்பத்தில் சிதைவது. நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். நியாயவிலைக் கடைச் செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோ ஒன்றுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்பவருக்கு அது 30 முதல் 50 மைக்ரோகிராம் தரும். அமெரிக்கா 1998 முதல் 100 கிராம் தானியப் பொருளுக்கே 140 மைக்ரோகிராம் கட்டாயமாக்கியது.

கருவுறத் திட்டமிடும் பெண்கள் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என்று 2018இன் திட்டவிதியும் கூறுகிறது. முன்னர் இக்குறைபாடுள்ள கருவைச் சுமந்தவருக்கு அதைப் போலப் பத்து மடங்கு அளவை மருத்துவர் பரிந்துரைப்பர். விதி உண்டு, அதைச் சென்று சேர்க்கும் தொடர்பு நாள் இல்லை. பேறுகாலப் பதிவு பன்னிரண்டு வாரத்திற்குள் நடைபெற வேண்டும் என்பதே ஒழுங்கு. எட்டாம் வாரத்திலேயே பதிந்த பெண்ணுக்குக்கூட நரம்புக்குழாய் மூடி இரண்டு வாரம் கடந்திருக்கும். விரைந்து பதிபவர் என்று பாராட்டப்படும் பெண்ணின் நிலை இது.

கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் வேறொரு பதிவேடும் உண்டு. தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்பது அதன் பெயர். ஊருக்குப் புதிதாக மணமுடித்து வந்த பெண்ணின் பெயர், வயது, குழந்தைகளின் எண்ணிக்கை ஆகியவை அதில் ஏறும். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்திற்கென உருவான அப்பதிவேடு, பெண் கருவுறாதிருக்கும் காலத்தைப் பின்தொடர்வதற்கு அரசிடம் உள்ள கருவி. கருத்தடை முறை எது என்பதற்கு அதில் கட்டம் உண்டு. செவிலியர் அக்கட்டத்தை நிரப்பச் செல்லும் நாளே, குழந்தை வேண்டிக் காத்திருக்கும் பெண்ணை அவள் முழுகாமல் இருப்பதற்கு முன்பு அரசு சந்திக்கும் நாள்.